எண் அழிந்த சின்ன பல்பு: வோல்டும் ஆம்பியரும் கண்டுபிடிக்கும் வழி

பழைய ரேடியோவின் டயல் பல்போ, ஆம்ப்ளிஃபயர் ஓடுவதைக் காட்டும் பைலட் லேம்ப்போ கெட்டுப்போய்க் கடைக்குப் போனால், முதலில் வரும் கேள்வி "எத்தனை வோல்ட்?" என்பதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. 6 வோல்ட் என்று சொன்னால் 6 வோல்ட் பல்பு ஒன்று கைக்கு வரும். மாட்டினால் எரியவும் செய்யும். சில வாரங்களில் பிளாஸ்டிக் டயல் வளைந்துபோகலாம், தொடரில் இருக்கும் மின்தடை கருகலாம், பல்பை இயக்கும் டிரான்சிஸ்டர் போய்விடலாம். இவற்றுக்கெல்லாம் காரணம் யாரும் கேட்காத இரண்டாவது எண், அதாவது ஆம்பியர். 6.3 வோல்டில் 0.15 ஆம்பியர் பல்பும் உண்டு, 0.25 ஆம்பியர் பல்பும் உண்டு. இரண்டும் ஒரே ஹோல்டரில் ஒரே மாதிரி உட்காரும்.

ஆகவே ஒரு சின்ன பல்பை அடையாளம் காண்பது என்றால் அதன் மின்னழுத்தம், மின்னோட்டம், கண்ணாடியின் பருமன், அடிப்பகுதியின் வகை ஆகிய நான்கையும் கண்டுபிடிப்பதுதான். எலக்ட்ரானிக்ஸுக்குப் புதியவர்கள் ஒரு மல்டிமீட்டரையும் விட்டம் அளக்கும் காலிப்பரையும் வைத்துக்கொண்டே இதைச் செய்துவிட முடியும்.

பல்பிலேயே எழுதியிருக்கிறதா?

இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பல்பைக் கழற்றி, உலோக அடிப்பகுதியைத் துணியால் மெதுவாகத் துடையுங்கள். உரசித் தேய்க்க வேண்டாம். அச்சு ஆழமில்லாதது, தேய்த்தால் இருப்பதும் போய்விடும். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஐரோப்பியத் தயாரிப்பு என்றால் வேலை எளிது. '6V 0.3A', '24V 50mA', '12V 2W' என்று அளவையே அச்சிட்டிருப்பார்கள். வாட் இருந்தால் வோல்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 2 வாட்டை 12 வோல்டால் வகுத்தால் ஏறக்குறைய 0.167 ஆம்பியர்.

அமெரிக்க முறையில் அளவு இருக்காது, எண் மட்டும் இருக்கும்: 44, 47, 327, 1815, 1819. இந்த எண்களுக்கும் வோல்டுக்கும் எந்தக் கணக்கும் கிடையாது, 47 என்பதைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. ஆனால் அந்த எண் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல என்பது பெரிய வசதி. யார் தயாரித்தாலும் 47 என்றால் 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர். எண் கிடைத்துவிட்டால் தேடலில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது.

அடிக்கடி எதிர்ப்படும் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 44 என்பது 6.3 வோல்ட், 0.25 ஆம்பியர். 1815 என்பது 14 வோல்ட், 0.2 ஆம்பியர். 1819 என்பது 28 வோல்ட், 0.04 ஆம்பியர். 47ஐயும் சேர்த்து இந்த நான்கும் ஒரே பருமன், ஒரே அடிப்பகுதி. எண் அழிந்துவிட்டால் கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்லவே முடியாது. 28 வோல்ட் கருவியில் 47ஐ மாட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் இழை அறுந்துவிடும். 6.3 வோல்ட் ரேடியோவில் 1819ஐ மாட்டினால் எரிகிறதா என்றே தெரியாது. விமானக் கருவிகளிலும் பழைய அளவுக் கருவிகளிலும் காணப்படும் மெல்லிய 327, 28 வோல்ட், 0.04 ஆம்பியர். 387க்கும் அதே அளவுகள்தான், ஒளி சற்றுக் குறைவு, ஆயுள் கூடுதல்.

எண் அழிந்த பழைய பல்பாக இருந்தால் உள்ளே பாருங்கள். இழையைத் தாங்கும் இரு கம்பிகளையும் பிணைத்து ஒரு சிறு கண்ணாடி மணி இருக்கும். அந்தக் கால ரேடியோ பல்புகளில் மணியின் நிறம் ஒரு குறியீடு: 47க்கும் அதன் திருகு வடிவமான 40க்கும் பழுப்பு, 44க்கும் அதன் திருகு வடிவமான 46க்கும் நீலம், 2 வோல்ட் 0.06 ஆம்பியர் பல்பான 48, 49க்கு இளஞ்சிவப்பு. பிற்காலத் தயாரிப்புகள் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கவில்லை. எனவே மணியின் நிறத்தைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

உள்ளே இழையே இல்லாமல் இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா? அது நியான் விளக்கு. அதன் கணக்கே வேறு, பின்னால் வருகிறேன்.

பருமனும் அடிப்பகுதியும்

அட்டவணைகளில் 'டி-3¼', 'டி-1¾', 'ஜி-3½' என்று காண்பீர்கள். எழுத்து கண்ணாடியின் வடிவம்: டி என்றால் குழாய், ஜி என்றால் உருண்டை. எண், விட்டத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்கிறது. டி-3¼ என்றால் 3.25ஐ எட்டால் வகுத்து 25.4ஆல் பெருக்குங்கள்: 10.3 மில்லிமீட்டர். டி-1¾ ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர், ஜி-3½ ஏறக்குறைய 11.1 மில்லிமீட்டர். காலிப்பர் இருந்தால் ஒரு நிமிட வேலை.

அடிப்பகுதியில் பக்கவாட்டில் இரண்டு சிறு முனைகள் நீட்டியிருந்து, அழுத்தித் திருப்பிப் பூட்டும் வகை என்றால், விட்டம் 9 மில்லிமீட்டராக இருக்கும்பட்சத்தில் அது பிஏ9எஸ். டார்ச் பல்பு போலத் திருகுவது, 10 மில்லிமீட்டர் என்றால் இ10. உலோகமே இல்லாமல் கண்ணாடியைத் தட்டையாக்கிக் கம்பியை மடக்கிவிட்டிருந்தால் வெட்ஜ் வகை.

1970களின் ஜப்பானிய ஸ்டீரியோ ரிசீவர்களில் இன்னொன்று உண்டு. கண்ணாடிக் குழாய், இரு முனையிலும் உலோகத் தொப்பி, சுமார் 6.3 மில்லிமீட்டர் விட்டம், 31 மில்லிமீட்டர் நீளம். பார்வைக்கு அப்படியே கண்ணாடி ஃபியூஸ். பெரும்பாலும் 8 வோல்ட், 0.25 அல்லது 0.3 ஆம்பியர். ஃபியூஸ் என்று நினைத்து அந்த இடத்தில் ஃபியூஸையே செருகினால் டிரான்ஸ்பார்மர் கம்பிச் சுற்றின் இரு முனைகளும் நேரடியாக இணைந்துவிடும். இந்த ஒரு தவறை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் செய்துவிடாதீர்கள்.

கருவியையே கேளுங்கள்

பல்பு உடைந்து போய்விட்டது, அல்லது முன்பு யாரோ தவறான பல்பை மாட்டிவைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது நிலை நாம் நினைப்பதைவிட அதிகம். ஆகவே கழற்றிய பல்பில் எண் தெளிவாக இருந்தாலும், கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் ஒருபோதும் தவிர்க்கச் சொல்லமாட்டேன்.

முதல் இடம் சர்வீஸ் மேனுவல். வரைபடத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் அது விளக்கு. அமெரிக்க வரைபடங்களில் அதன் பெயர் 'டிஎஸ்' அல்லது 'பிஎல்' என்று தொடங்கும், ஐரோப்பிய வரைபடங்களில் 'எச்' அல்லது 'எல்ஏ' என்று இருக்கலாம். அந்தப் பெயரைப் பாகங்களின் பட்டியலில் தேடினால் அளவு கிடைக்கும். சில நிறுவனங்கள் தங்கள் சொந்த எண்ணைத்தான் கொடுக்கும். டெக்ட்ரானிக்ஸ் ஆசிலோஸ்கோப்புகளில் 150 என்று தொடங்கும் பாக எண்ணும், எச்பி (ஹியூலெட்-பேக்கர்டு) அளவுக் கருவிகளில் 2140 என்று தொடங்கும் பாக எண்ணும் விளக்குகளுக்கு உரியவை. அந்த மேனுவல்களின் பட்டியலில் பெரும்பாலும் பக்கத்திலேயே பொது எண்ணும் இருக்கும்.

மேனுவல் கிடைக்காவிட்டால் அளந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி வால்வு ரேடியோக்களில் சேசிஸ் எனப்படும் உலோகச் சட்டமே மின் கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கும், தொட்டால் உயிருக்கு ஆபத்து. மின் இணைப்பிலிருந்து கருவியைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அவற்றைத் திறந்து இயக்கவே வேண்டாம். மற்ற கருவிகளிலும் இணைப்பைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டர்களில் மின்னேற்றம் வடிந்துவிட்டதை மீட்டரால் உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

ஹோல்டரிலிருந்து வரும் கம்பிகளைப் பின்தொடருங்கள். அவை டிரான்ஸ்பார்மரின் ஒரு சுற்றுக்கு நேரடியாகப் போனால், பல்பு இல்லாமல் அங்கே எத்தனை வோல்ட் ஏசி என்று அளக்கலாம். சுமை இல்லாதபோது அளவு சற்று உயர்வாகவே காட்டும். 7 வோல்ட் காட்டினால் அது 6.3 வோல்ட் சுற்று என்று எடுத்துக்கொள்ளலாம். வால்வுகளின் சூடேற்றி இழைக்கும் டயல் பல்புக்கும் ஒரே சுற்று போவது வழக்கம். அந்த 6.3 என்ற வினோதமான எண்ணே மூன்று செல் கொண்ட அந்தக் காலத்துக் கார் பேட்டரியிலிருந்து வந்ததுதான்.

வழியில் ஒரு மின்தடை இருந்தால் அது ஒரு நல்ல சாட்சி. ஓர் உதாரணம்: 12 வோல்ட் டிசியிலிருந்து 39 ஓம், 2 வாட் மின்தடை வழியாக ஒரு பிஏ9எஸ் ஹோல்டருக்குப் போகிறது. 0.25 ஆம்பியர் பல்பு என்று வைத்துக்கொண்டால் மின்தடையிலேயே 9.75 வோல்ட் விழுந்துவிடும், பல்புக்கு மிஞ்சுவது 2.25 வோல்ட்தான். அதோடு மின்தடையில் 2.4 வாட் வெப்பம், அதன் தாங்குதிறனைவிட அதிகம். ஆக அது பொருந்தாது. 0.15 ஆம்பியர் என்று வைத்தால் மின்தடையில் 5.85 வோல்ட், பல்புக்கு 6.15 வோல்ட், மின்தடையில் 0.9 வாட் வெப்பம். இரண்டு வாட் மின்தடையை ஒரு வாட்டுக்கும் சற்றுக் குறைவாக ஓட்டுவது நல்ல வடிவமைப்பாளரின் வழக்கம். ஹோல்டரும் பிஏ9எஸ் என்பதால் 47 என்ற முடிவுக்குத் துணிந்து வரலாம்.

இரண்டு ஹோல்டர்கள் தொடரில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படியானால் இரண்டு பல்புக்கும் மின்னோட்டம் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். வோல்ட் ஒன்றாக இருந்து ஆம்பியர் வேறுபட்டால், குறைந்த ஆம்பியர் பல்பு அதிகப் பங்கு வோல்டை வாங்கிக்கொண்டு முதலில் அறுந்துபோகும்.

பல அமெரிக்க ஏசி/டிசி ரேடியோக்களில் இருக்கும் 35இசட்5 என்ற ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கும்) வால்வு இதில் தனி வகை. அதன் சூடேற்றி இழையில் ஒரு நடு முனை உண்டு, டயல் பல்பு அந்தச் சிறு பகுதிக்குக் குறுக்கே இணைகிறது. அங்கே வடிவமைப்பு 40 அல்லது 47க்கானது. 44ஐ மாட்டினால் மின்னோட்டப் பங்கீடே மாறிவிடும். பல்பு போன பின்னும் அப்படியே ஓட்டினால் வால்வின் அந்தப் பகுதிக்குச் சுமை கூடும். அற்ப பல்புதானே என்று தள்ளிப்போடக் கூடாத இடம் இது.

எரியும் பல்பு ஒன்று கையில் இருந்தால்

ஒரே கருவியில் நான்கு பல்புகள் இருந்து ஒன்று மட்டும் போயிருந்தால் மேசையிலேயே விடை கிடைக்கும். மல்டிமீட்டரில் ஓம் அளந்து, ஓம் விதியைப் போட்டு ஆம்பியர் கண்டுபிடிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது தவறான விடையைத் தரும். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 47 எரியும்போது 42 ஓம், மீட்டரில் காட்டுவது நான்கைந்து ஓம். ஸ்விட்ச் போட்ட கணத்தில் பத்து மடங்கு மின்னோட்டம் பாய்வதும், பல பல்புகள் அந்தக் கணத்திலேயே அறுவதும், சிறிய டிரான்சிஸ்டர்கள் பல்பை இயக்கும்போது சிரமப்படுவதும் இதனால்தான்.

சரியான முறை, மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய பவர் சப்ளையில் பல்பை இணைத்து, தொடரில் ஆம்பியர் மீட்டரை வைத்து, பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுவது. இழை சிவப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சள் கலந்த வெண்மையை நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். வெள்ளை வெளேரென்று எரிந்தால் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. இழை பல்பில் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, ஏறக்குறைய மின்னழுத்தத்தின் 0.55ஆம் அடுக்காகத்தான் ஏறுகிறது. 47ஐ 5 வோல்டில் வைத்தால் சுமார் 132 மில்லி ஆம்பியர் எடுக்கும். 44ஐ அதே 5 வோல்டில் வைத்தால் சுமார் 220. முழு மின்னழுத்தத்துக்குப் போகாமலே எது எது என்று பிரித்துவிடலாம், பழைய பல்புக்கு ஆபத்தும் இல்லை.

அட்டவணையை எப்படி வாசிப்பது?

எண்ணும் அளவும் ஓரளவு தெரிந்த பிறகு தயாரிப்பாளரின் அட்டவணையில் சரிபாருங்கள். சிகாகோ மினியேச்சர், ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்களின் பழைய கையேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. விற்பனைப் பக்கங்களைவிட இவற்றையே நம்புங்கள். விற்பனைப் பக்கங்களில் 6.3 வோல்ட் என்பது 6 வோல்ட் என்றும், 14 வோல்ட் என்பது 12 வோல்ட் என்றும் சுருக்கப்பட்டிருக்கும், ஆம்பியரே இல்லாமலும் போகும்.

அட்டவணையில் வோல்ட், ஆம்பியருக்கு அடுத்து 'எம்எஸ்சிபி' என்று ஒரு பத்தி இருக்கும். எல்லாத் திசைகளிலும் பரவும் ஒளியின் சராசரி அளவு அது. அதை 12.57ஆல் பெருக்கினால் லூமென். அடுத்த பத்தியில் மணிக்கணக்கில் ஆயுள். இந்த ஆயுள் மாறுமின்சாரத்தில் (ஏசி), குறித்த வோல்டில், அதிர்வில்லாமல் எரியவிட்டுக் கணக்கிட்ட சராசரி. மெல்லிய இழை கொண்ட பல்புகள் நேர்மின்சாரத்தில் (டிசி) இதைவிடக் குறைந்த காலமே நிற்கும்.

நம் ஊருக்கு மிக முக்கியமான கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது. பல்பின் ஆயுள் மின்னழுத்தத்தின் 12ஆம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது. பத்து சதவீதம் குறைத்து ஓட்டினால் ஆயுள் மூன்றரை மடங்கு ஆகும், ஒளி ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறையும். பத்து சதவீதம் கூடினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். 220 வோல்டுக்கு வடிவமைத்த வெளிநாட்டு ரேடியோ நம் வீட்டில் 240 வோல்டில் ஓடும்போது அதன் 6.3 வோல்ட் சுற்று கிட்டத்தட்ட 6.9 ஆகிவிடும். டயல் பல்பு அடிக்கடி போகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் பல்பைக் குறை சொல்வதற்கு முன் இதை அளந்து பார்க்க வேண்டும். ரேடியோவின் பின்புறத்தில் மின்னழுத்தத் தேர்வு முனை இருந்தால் 240க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பல்போடு 5 ஓம் அளவில், ஒரு வாட் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்த்தாலே 47க்கு முக்கால் வோல்ட் குறைந்துவிடும்.

44க்குப் பதில் 47 போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் சுற்றில் நேரடியாக இணைந்த இடத்தில் தாராளமாகப் போடலாம். ஒளி குறையும், வெப்பம் 1.6 வாட்டிலிருந்து 0.95 வாட்டாக இறங்கும். பின்பால் (pinball) விளையாட்டு இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் கண்ணாடி ஓவியத்தின் வண்ணம் உரியாமல் இருக்க இதைத்தான் செய்கிறார்கள். எதிர்த் திசையில், 47 இருந்த இடத்தில் 44 போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நியான் என்றால்

நியான் விளக்கை வோல்டை வைத்துத் தேட முடியாது, அதன் தொடர் மின்தடையை வைத்துத்தான் தேட வேண்டும். என்இ-2 என்ற வழக்கமான வகை ஏறக்குறைய 65 வோல்ட் ஏசியில் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு அதன் குறுக்கே 60 வோல்ட் அளவிலேயே நிற்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது மின்தடை மட்டுமே. 120 வோல்ட் கருவியில் 100 கிலோ ஓம் இருந்தால் என்இ-2, 30 கிலோ ஓம் அளவில் இருந்தால் அதிக ஒளி தரும் என்இ-2எச். நம் 230 வோல்டுக்கு என்இ-2 என்றால் 270 கிலோ ஓம், அரை வாட் போடுங்கள். நாம் எல்லாரும் பயன்படுத்தும் லைன் டெஸ்டருக்குள்ளும் இதே ஏற்பாடுதான், மின்தடை மட்டும் மிக அதிகம்.

என்இ-51 என்ற நியான் விளக்குக்கும் பிஏ9எஸ் அடிப்பகுதிதான், 47 இருக்கும் இடத்தில் அப்படியே பொருந்தும். இழை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

எல்இடி மாற்றலாமா?

பல இடங்களில் மாற்றலாம். டிரான்ஸ்பார்மரின் ஏசி சுற்று என்றால் உள்ளே பிரிட்ஜ் ரெக்டிஃபயர் உள்ள எல்இடி பல்பாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் துடிப்பு கண்ணை உறுத்தும். டிசி என்றால் முனைகளின் திசையைக் கவனியுங்கள். தனி எல்இடியை நீங்களே போடுவதாக இருந்தால், 12 வோல்டிலிருந்து 2 வோல்ட் சிவப்பு எல்இடிக்கு 10 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் மீதி 10 வோல்டை 0.01ஆல் வகுத்து 1 கிலோ ஓம்.

ஆனால் பல்பு ஒளிக்காக மட்டும் வைக்கப்படாத இடங்கள் உண்டு. 1930களின் இறுதியில் வில்லியம் ஹியூலெட் வடிவமைத்த, மின் அலைகளை உருவாக்கும் ஆசிலேட்டரில் ஒரு சிறு விளக்கு, தன் இழை சூடாகச் சூடாக மின்தடை கூடும் தன்மையால், வெளியீட்டின் அளவைச் சீராக வைத்திருந்தது. எச்பி நிறுவனத்தின் முதல் தயாரிப்பே அதுதான். அதே முறையில் 327ஐ வைத்து ஆசிலேட்டர் கட்டியவர்கள் ஏராளம். கார்களில் பேட்டரி எச்சரிக்கை விளக்கும் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் தரும் வழியாகவும் இருக்கிறது. இந்த இடங்களில் எல்இடி போட்டால் மின்சுற்று வேலை செய்யாமல் போகலாம். விளக்கு முகப்பில் தெரியாமல் போர்டின் நடுவில் இருந்தால் இப்படிப்பட்ட பணியோ என்று சந்தேகப்படுங்கள், அதே எண்ணையே தேடி வாங்குங்கள்.

வாங்கி மாட்டும்போது

சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் இணையத்தில் வாங்கினாலும் "47 எண், 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர், பிஏ9எஸ்" என்று முழுவதும் சொல்லிக் கேளுங்கள். வந்த பல்பை மாட்டுவதற்கு முன் பவர் சப்ளையில் ஒரு முறை ஆம்பியரைப் பாருங்கள். 15 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாட்டிய பிறகு, எரியும்போது ஹோல்டரின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட் அளந்து, பல்பின் அளவைத் தாண்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, இணைப்பைப் பிடுங்கியபின் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். எண்ணையும் அளவையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால், அடுத்து அந்தக் கருவியைத் திறப்பவருக்கு இந்தத் தேடல் தேவைப்படாது.